போலோவும் ஃபிகோவும் போயாச்சு: குடும்பத்துக்கும் ஆகணும், ஓட்டவும் பிடிக்கணும் என்றால் இனி எந்தக் கார்?

ஃபோக்ஸ்வாகன் போலோ, ஃபோர்டு ஃபிகோ, ஹோண்டா ஜாஸ், ஃபியட் புன்டோ. பத்து வருடத்துக்கு முன்னால் வேலைக்குச் சேர்ந்து, கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் "ஓட்டுறதுக்கு நல்லா இருக்கணும்" என்று தேடியவர்கள் கடைசியில் போய் நின்ற பெயர்கள் இவை. இப்போது அந்த வண்டிக்கு வயதாகிவிட்டது. வீட்டில் ஒரு குழந்தை, சில வீடுகளில் இரண்டு. ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவுக்குத் தாழ்வான சீட்டில் இறங்கி ஏற முட்டி ஒத்துழைப்பதில்லை. சரி, அதே மாதிரி கொஞ்சம் பெரிய வண்டி ஒன்று வாங்கலாம் என்று ஷோரூமுக்குப் போனால், இந்த நான்கில் ஒன்றுகூட விற்பனையில் இல்லை.

ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. போலோ 2022-ல் நின்றது, ஜாஸ் 2023-ல். ஃபியட் அதற்கும் முன்பே கடையைக் கட்டிவிட்டது. ஃபோர்டு மறைமலை நகருக்குத் திரும்புவதாக 2025-ல் சொன்னதைப் படித்து ஆசைப்பட்டவர்கள் உண்டு. ஆனால் அது ஏற்றுமதிக்கான எஞ்சின் தயாரிக்கத்தான், நம் வாசலில் ஃபிகோவைக் கொண்டுவந்து நிறுத்த அல்ல.

கார் தயாரிப்பாளர்கள் சங்கமான சியாம் தரும் கணக்குப்படி 2024-25 நிதியாண்டில் இந்தியாவில் விற்ற சுமார் 43 லட்சம் பயணிகள் வாகனங்களில் 65 சதவீதம் எஸ்யூவி, எம்பிவி வகைகள். சந்தை உயரத்தைக் கேட்டது, கம்பெனிகள் உயரத்தைக் கொடுத்தன. ஓட்டும் சுகம் கேட்டவர்களுக்கு மிஞ்சியது ஐம்பது லட்ச ரூபாய்க்கு மேல் போகும் கோல்ஃப் ஜிடிஐ மாதிரி இறக்குமதிப் பண்டங்கள், அதுவும் எண்ணிச் சில நூறு. மாதம் வீட்டுக் கடன் கட்டுகிற யாருக்கும் அது பதில் இல்லை.

இந்த நிலையில்தான் 2025 செப்டம்பர் 22 முதல் கார்களுக்கான ஜிஎஸ்டி மாறியது. "விலை குறைஞ்சிருச்சு, இப்பவே மாத்திடலாம்" என்ற பேச்சு எல்லா ஆபீஸ் குரூப்பிலும் ஓடுகிறது. குறைந்தது உண்மைதான். ஆனால் எல்லாக் காருக்கும் ஒரே மாதிரி குறையவில்லை.

வரி எங்கே குறைந்தது, எங்கே குறையவில்லை?

நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் எஞ்சின் 1,200 சிசி வரை அல்லது டீசல் எஞ்சின் 1,500 சிசி வரை இருந்தால் அது சட்டத்தின் கண்ணில் சிறிய கார். அதற்கு இப்போது 18 சதவீதம். இந்த இரண்டு நிபந்தனைகளில் எது தவறினாலும் 40 சதவீதம். மின்சாரக் காருக்கு நீளம் எதுவானாலும் பழையபடி 5 சதவீதம். தனியாக வசூலிக்கப்பட்ட இழப்பீட்டு செஸ் போய்விட்டது.

முன்பு சிறிய பெட்ரோல் காருக்கு செஸ் சேர்த்து 29 சதவீதம், சிறிய டீசலுக்கு 31. செடான்களும் 1.5 லிட்டர் நடுத்தர எஸ்யூவிகளும் 45-ல் இருந்தன. பெரிய எஸ்யூவி 50. கணக்குப் போட்டுப் பாருங்க. கம்பெனி தன் அடக்க விலையை மாற்றவில்லை என்று வைத்துக்கொண்டால், 10 லட்ச ரூபாய்க்கு விற்ற சிறிய பெட்ரோல் கார் சுமார் 85,000 குறையும். அதே 10 லட்ச சிறிய டீசல் கார் ஏறக்குறைய ஒரு லட்சம் குறையும். 20 லட்ச ரூபாய் பெரிய எஸ்யூவி 1.33 லட்சம் இறங்கும். 15 லட்ச ரூபாய் செடான்? 52,000 மட்டும்தான். சதவீதத்தில் சொன்னால் சிறிய காருக்கு எட்டரை, பெரிய எஸ்யூவிக்கு ஆறே முக்கால், செடானுக்கு மூன்றரைகூட இல்லை.

அதாவது, ஓட்டும் சுகத்துக்காக இன்றும் பெயர் சொல்லப்படும் விர்டஸ், ஸ்லாவியா, சிட்டி, வெர்னா நான்கும் இருக்கும் இடத்துக்குத்தான் சலுகை மிகக் குறைவாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இதில் இன்னொரு விஷயம் பலர் கண்ணில் படவில்லை. ஸ்கோடாவின் கைலாக்கிலும் ஸ்லாவியாவிலும் இருப்பது ஒரே 1.0 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், அதே 115 குதிரைத்திறன். கைலாக்கின் நீளம் 3,995 மில்லிமீட்டர். ஸ்லாவியா நாலரை மீட்டரைத் தாண்டும். வரிக்கு முந்தைய விலை இரண்டுக்கும் 8 லட்சம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். பழைய வரியில் இரண்டுக்கும் இடையே 1.28 லட்சம் வித்தியாசம் வந்திருக்கும். புதிய வரியில் 1.76 லட்சம். இடைவெளி குறையவில்லை, கூடியிருக்கிறது. இதோடு முடியவில்லை. ஒன்று 9.44 லட்சம், மற்றது 11.2 லட்சம் என்று ஆகும்போது சாலை வரி அடுக்கும் மாறுகிறது. தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 18. கர்நாடகத்தில் அடிப்படை விகிதம் 14, பிறகு 17. தமிழ்நாட்டுப் பதிவு என்றால் மொத்த வித்தியாசம் இரண்டரை லட்சத்தைத் தொடும். எஞ்சின் ஒன்று. வித்தியாசத்தில் பெரும்பங்கு டிக்கிக்கும் பின்சீட்டுக்கும் அல்ல, அரசாங்கத்துக்கு.

இந்த 4 மீட்டர் கோடு இன்று நேற்று வந்ததல்ல. 2006 பட்ஜெட்டில் ப.சிதம்பரம் சிறிய கார்களுக்குக் கலால் வரியைக் குறைத்தபோது போட்டது. அன்றிலிருந்து நம் ஊர் வண்டிகளின் பின்பக்கம் கத்தியால் வெட்டிய மாதிரி நிற்பதற்கும், 3,990, 3,995 என்று நீளங்கள் ஒரே இடத்தில் குவிவதற்கும் அதுதான் காரணம். அழகியல் அல்ல, கலால் துறை.

"ஓட்டப் பிடிக்கும்" என்றால் என்ன?

விளம்பரத்தில் இது குதிரைத்திறன் எண்ணாக வரும். பூஜ்யத்திலிருந்து நூறு, இத்தனை வினாடி. காலை ஒன்பது மணிக்கு பெங்களூரு அவுட்டர் ரிங் ரோட்டில் அந்த எண்ணை வைத்து என்ன செய்வது?

நம் நிலைமையில் ஓட்டும் சுகம் வேறு சில இடங்களில் இருக்கிறது. முதலாவது எடை. 1,100 கிலோ வண்டியும் 1,500 கிலோ வண்டியும் ஒரே வளைவில் ஒரே மாதிரி திரும்பாது, ஒரே தூரத்தில் நிற்காது. இரண்டாவது உயரம். வண்டியின் எடை எவ்வளவு கீழே உட்கார்ந்திருக்கிறதோ அவ்வளவு குறைவாக வளைவில் சாயும். உயரமான வண்டி சாயாமல் இருக்க சஸ்பென்ஷனை இறுக்குவார்கள். அப்புறம் குண்டும் குழியுமான ரோட்டில் பின்சீட்டில் இருக்கிற அம்மா "மெதுவாப் போப்பா" என்பார். போலோவும் புன்டோவும் இன்றும் பேசப்படுவது வேகத்துக்காக அல்ல. மேட்டில் ஏறி இறங்கும்போது ஒரே அசைவில் அடங்கிவிடும் அந்த சஸ்பென்ஷனுக்காக. முன்னால் இருப்பவருக்கு நம்பிக்கை, பின்னால் இருப்பவருக்கு வயிற்றைப் புரட்டாது. ஓட்டும் சுகமும் குடும்பத்தின் சௌகரியமும் எதிரெதிர் என்று நினைக்கிறோம். நல்ல சஸ்பென்ஷனில் இரண்டும் ஒன்று.

கியர்பாக்ஸ் விஷயத்தில்தான் அதிகம் ஏமாற இடமிருக்கிறது. எல்லாவற்றையும் "ஆட்டோமேட்டிக்" என்ற ஒரே சொல்லில் விற்பார்கள். விலை குறைந்த ஏஎம்டி, மேனுவல் கியர்பாக்ஸுக்கு ஒரு இயந்திரக் கை வைத்தது. ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் தலையை ஆட்டும். சிவிடி வழுக்கிக்கொண்டு போகும், ட்ராஃபிக்குக்கு நல்லது, ஆனால் மிதித்தால் எஞ்சின் கத்துவது முதலில், வேகம் வருவது பிறகு. இரட்டை கிளட்ச் வகைதான் மிக வேகமானது, பலருக்கும் பிடித்தது. ஆனால் இங்கே பரவலாக விற்கும் சிறிய டர்போ கார்களில் இருப்பது எண்ணெயில் முழுகாத உலர் கிளட்ச். அங்குலம் அங்குலமாக நகரும் நெரிசலில் அது சூடாகும். நெடுஞ்சாலை அதிகம் ஓட்டுபவருக்கு அது சரி. தினமும் இரண்டு மணி நேரம் ஊர்ந்து போகிறவர் பழைய பாணி டார்க் கன்வெர்ட்டரை எடுப்பதே புத்திசாலித்தனம். ஸ்லாவியா, விர்டஸ் வாங்கப் போகிறவர்கள் இதைக் கவனிக்கணும்: 1.5 லிட்டரில் வருவது 7 கியர் உலர் கிளட்ச், 1.0 லிட்டரில் வருவது டார்க் கன்வெர்ட்டர். பெரிய எஞ்சினை வாங்க ஆசைப்பட்டு, தன் ரோட்டுக்குப் பொருந்தாத கியர்பாக்ஸை வாங்கிவிடக் கூடாது.

சிறிய டர்போவுக்கு இன்னொரு குணம் உண்டு. 1,700, 1,800 சுற்றுக்குக் கீழே தூங்கும். சிக்னலில் இரண்டாவது கியரில் மெதுவாக எடுக்கும்போது ஒன்றுமே நடக்காது, அப்புறம் ஒரேயடியாகத் துள்ளும். டர்போ இல்லாத 1.2 லிட்டர் எஞ்சின் காகிதத்தில் பலவீனம், ஆனால் நகரத்துக்குள் காலுக்கு அடங்கியது. சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் ஏறும் 27 கொண்டை ஊசி வளைவில், ஐந்து பேரும் சாமானும் ஏற்றிக்கொண்டு போகும்போது கதை தலைகீழ். அங்கே டர்போ சிரித்துக்கொண்டு ஏறும், 1.2 மூச்சு வாங்கும். உங்கள் வருடத்தில் எந்த ரோடு அதிகம் என்பதை நீங்கள்தான் சொல்லணும்.

குடும்பம் உள்ளே வரும்போது

வாங்கும்போது எல்லோரும் டிக்கியைத் திறந்து பார்ப்பார்கள். குழந்தை சீட்டைப் பொருத்திப் பார்ப்பவர்கள் குறைவு. கைக்குழந்தைக்கான சீட் பின்புறம் பார்த்தபடி வைக்கப்பட வேண்டும். 4 மீட்டர் வண்டியில் அதை வைத்தால் முன்சீட்டைத் தள்ள வேண்டிவரும், முன்னால் உட்காருபவரின் முட்டி டேஷ்போர்டில் இடிக்கும். மனைவியோ கணவனோ உயரமானவர் என்றால் இந்த ஒரு காரணத்துக்காகவே சில கார்கள் பட்டியலிலிருந்து போய்விடும். 14 வயதுக்கு உட்பட்ட குழந்தை பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் பயணித்தால் மோட்டார் வாகனச் சட்டத்தில் 1,000 ரூபாய் அபராதம் இருக்கிறது. யாரும் பிடிப்பதில்லை என்பது வேறு விஷயம். மடியில் வைத்துக்கொள்ளும் குழந்தையை மோதலின்போது எந்தக் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது.

மோதல் சோதனை நட்சத்திரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பாரத் என்கேப் 2023 அக்டோபரிலிருந்து நடக்கிறது. முன்பக்க மோதல் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில். இது கட்டாயமல்ல, கம்பெனி விரும்பினால் அனுப்பலாம். எனவே நட்சத்திரம் இல்லை என்றால் கார் மோசம் என்று பொருளில்லை. சோதிக்கப்படவில்லை என்றுதான் பொருள். ஆனால் என் குழந்தையை ஏற்ற நான் ஏன் சோதிக்கப்படாத ஒன்றை வாங்கணும் என்று கேட்பதும் நியாயம்தான். பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தனித்தனி மதிப்பெண் உண்டு, இரண்டையும் பாருங்க. 49-க்கு எவ்வளவு என்பது குழந்தைகளுக்கானது. 5 நட்சத்திரத்துக்கு அதில் குறைந்தது 41 வேண்டும். மாருதி டிசையர் 2024-ல் குளோபல் என்கேப்பில் 5 நட்சத்திரம் வாங்கியது, மாருதிக்கு அதுவே முதல் முறை. அதைக் காட்டி ஸ்விஃப்ட் விற்க வரும் சேல்ஸ்மேனிடம், சோதித்தது டிசையரை என்று சொல்லிவிடலாம்.

பெற்றோரின் முட்டிப் பிரச்சினை நிஜமானது. அதற்காக எஸ்யூவிதான் வேண்டும் என்பதில்லை. பார்க்க வேண்டியது சீட் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதை. இடுப்பு அளவுக்கு இருந்தால் பக்கவாட்டில் சரிந்து உட்கார்ந்துவிடலாம். ரொம்ப உயரமான வண்டியில் ஏறுவதும் அவர்களுக்குக் கஷ்டம்தான், புடவையில் இன்னும் கஷ்டம். செடானில் கீழே இறங்க வேண்டும். 4 மீட்டர் எஸ்யூவிகள் இந்த ஒரு விஷயத்தில் சரியான இடத்தில் நிற்கின்றன, ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அப்போ எதை?

ஓட்டவும் பிடித்து, நாலு பேர் குடும்பத்துக்கும் போதுமாக இருந்து, வரிக் கோட்டுக்குள்ளும் அடங்க வேண்டும் என்றால் இன்று முதலில் பார்க்க வேண்டியது கைலாக். பாரத் என்கேப்பில் 5 நட்சத்திரம், 446 லிட்டர் டிக்கி, மேனுவலும் டார்க் கன்வெர்ட்டரும் உண்டு. பழைய போலோக்காரர்களுக்கு ஸ்டீயரிங்கைப் பிடித்ததும் புரிந்துவிடும். குறை, பின்சீட்டின் அகலம். மூன்று பெரியவர்கள் என்றால் தோள் தோளோடு இடிக்கும். பின்னால் டிரம் பிரேக்.

பின்சீட்டில் எப்போதும் மூன்று பேர் என்றால் மஹிந்திரா எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ. அகலம் 1.82 மீட்டர், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், இதற்கும் 5 நட்சத்திரம். டிக்கி சின்னது, பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது தெரியும். இதன் டீசல் எஞ்சின் 1,497 சிசி. 31-லிருந்து 18-க்கு இறங்கிய பிரிவு இதுதான். அதாவது வரி மாற்றத்தில் அதிகம் லாபமடைந்த வகை. ஹூண்டாய் வென்யூ, கியா சோனெட் டீசல்களும் அதே கோட்டுக்குள்தான். மாதம் இரண்டு முறை பெங்களூரிலிருந்து மதுரைக்குப் போய்வருகிறவருக்கு 300 நியூட்டன் மீட்டர் இழுவிசையுள்ள டீசல் அலுக்காது. தினமும் நாலு கிலோமீட்டர் பள்ளிக்கும் ஆபீஸுக்கும் மட்டும் போகிறவர் டீசலைத் தொட வேண்டாம். பிஎஸ்6 டீசலின் புகை வடிகட்டி சூடாகித் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள நீண்ட ஓட்டம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் எச்சரிக்கை விளக்கு எரியும், சர்வீஸ் சென்டர் வாசலில் நிற்க வேண்டும்.

ஹேட்ச்பேக்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களை எனக்குப் பிடிக்கும். அவர்களுக்கு ஹூண்டாய் ஐ20 என் லைன் இருக்கிறது: 1.0 டர்போ, 120 குதிரைத்திறன், மேனுவலும் உண்டு. ஸ்விஃப்ட் இன்னும் இலகுவானது, திருப்பினால் திரும்பும். ஆனால் அதன் புதிய மூன்று சிலிண்டர் எஞ்சின் 82 குதிரைத்திறன்தான், மைலேஜுக்காகச் செய்தது. டிக்கி 265 லிட்டர். குழந்தை வண்டியை வைத்தால் பெட்டிக்கு இடமில்லை.

செடான் வாங்கக் கூடாதா? தாராளமாக வாங்கலாம். 40 சதவீதம் கட்டுகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். விர்டஸ், ஸ்லாவியா இரண்டும் குளோபல் என்கேப்பில் 5 நட்சத்திரம், 521 லிட்டர் டிக்கி, நெடுஞ்சாலையில் நிற்கும் விதமே வேறு. வருடத்தில் பாதி கிலோமீட்டர் கிருஷ்ணகிரி டோலைத் தாண்டித்தான் என்றால் அந்த இரண்டரை லட்சம் அதிகமாகத் தெரியாது. வாங்க ஆள் குறைந்திருப்பதால் டீலர்கள் பேரத்துக்கும் இறங்குவார்கள், கூச்சப்படாமல் கேளுங்க.

மின்சாரக் காரை ஓட்டும் சுகத்தின் கணக்கில் பலர் சேர்ப்பதில்லை. தப்பு. மிதித்த கணமே இழுவை, பேட்டரி தரைக்கு அடியில் இருப்பதால் எடை கீழே. மஹிந்திரா பிஇ 6 பின்சக்கரங்களால் தள்ளப்படும் வண்டி. இந்த விலையில் அப்படி ஒன்று இங்கே அபூர்வம். பக்கத்தில் எம்ஜி விண்ட்சரை நிறுத்தினால் அதுவும் மின்சாரம்தான், ஆனால் அது சோபா: பின்சீட்டுக்கு அருமை, ஓட்டுபவருக்குத் தூக்கம். நூறு கிலோமீட்டருக்கு 15 யூனிட், யூனிட் 8 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு 1.20 ரூபாய். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் காரில், லிட்டர் 100 ரூபாய் என்றால், 6.67 ரூபாய். வருடம் 12,000 கிலோமீட்டர் ஓட்டினால் 65,000 ரூபாய் மிச்சம். ஆனால் இந்தக் கணக்கு வீட்டில் சார்ஜ் போடுகிறவருக்கு மட்டும். அடுக்ககத்தில் உங்கள் பார்க்கிங்கில் பிளக் பாயின்ட் போட சங்கம் எழுத்தில் அனுமதி தந்த பிறகுதான் புக்கிங் தொகை கட்டணும். "அப்புறம் பாத்துக்கலாம் சார்" என்பது அனுமதி அல்ல.

பழைய கார், கடன், இ20

மூன்று நான்கு வருடம் ஓடிய விர்டஸ் அல்லது ஸ்லாவியாவைத் தேடுவது மோசமான யோசனை இல்லை. முதல் வருடங்களின் விலைச் சரிவை வேறொருவர் ஏற்றிருப்பார், 45 சதவீத வரியும் அவர் கட்டியதுதான். புதுக் கார் விலை இறங்கும்போது பழைய கார் விலையும் இறங்கும் என்பதால் பேரம் பேச இடமிருக்கிறது. மறந்துவிடாதீங்க, நீங்கள் விற்கும் பழைய போலோவுக்கும் அதே கதிதான். டீலரிடம் வாங்கினால் அவருடைய லாபத்தின் மீது மட்டும் 18 சதவீத ஜிஎஸ்டி. தனிநபரிடம் நேரடியாக வாங்கினால் அதுவும் இல்லை. டெல்லிப் பதிவு டீசல் ஒன்று ஆச்சரியமான விலைக்கு வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். அங்கே 10 வருட டீசலுக்கும் 15 வருட பெட்ரோலுக்கும் தடை என்ற விதி 2015-லிருந்து நீதிமன்றங்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் நடவடிக்கைக்குத் தடை போட்டது. டிசம்பரில் பிஎஸ்4-க்குக் கீழான வண்டிகளுக்கு அந்தப் பாதுகாப்பை விலக்கியது. குர்கானிலோ நொய்டாவிலோ இருப்பவர்கள் புது டீசல் வாங்கும்போதும் இதை மனதில் வைக்கணும்.

கடனில் நடக்கும் ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் விட முடியாது. 10 லட்சம் கடன், 9 சதவீத வட்டி. ஐந்து வருடம் என்றால் மாதம் சுமார் 20,760 ரூபாய், மொத்த வட்டி 2.45 லட்சம். "ஏழு வருஷமா போட்டுக்கோங்க, இஎம்ஐ 16,000 தான் வரும்" என்பார்கள். வரும், ஆனால் வட்டி 3.5 லட்சமாகும். கூடுதல் வட்டி ஒரு லட்சத்துக்கு மேல். ஜிஎஸ்டியில் கிடைத்த 85,000-ஐ அப்படியே வங்கிக்குக் கொடுத்துவிட்டு, சொச்சமும் சேர்த்துக் கொடுக்கிறோம்.

20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்குப் பயந்து காரை மாற்றலாமா என்ற கேள்வியும் வருகிறது. 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார்கள் அதற்கேற்ப வந்தவை. அதற்கு முந்தைய கார்களில் மைலேஜ் 3 முதல் 6 சதவீதம் வரை குறையலாம், சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டிவரலாம் என்று மத்திய அரசே சொல்லியிருக்கிறது. வருடம் 80,000 ரூபாய்க்குப் பெட்ரோல் போடுகிறவருக்கு 6 சதவீதம் என்பது 5,000 ரூபாய் சுமார். எரிச்சல் வரும், நியாயம். அதற்காகப் பத்து லட்சம் செலவழிக்க வேண்டியதில்லை. வண்டி நன்றாக ஓடுகிறது, இடம் போதும், ஏர்பேக் இருக்கிறது என்றால் இன்னும் இரண்டு வருடம் ஓட்டலாம்.

எந்த ஊர் நம்பர்?

வேலைக்காக ஊர் மாறுகிறவர்களுக்கு இது காரின் நிறத்தைவிட முக்கியம். ஒரு மாநிலத்தில் பதிவான காரை வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும். புது மாநிலத்தில் சாலை வரி கட்டி, பழைய மாநிலத்தில் மீதியைத் திரும்பக் கேட்டு அலைய வேண்டும். பாரத் சீரிஸ் எனப்படும் பிஎச் பதிவு 2021 செப்டம்பரில் வந்தது இதற்காகத்தான். அரசு, பொதுத்துறை ஊழியர்களுக்கும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்களுக்கும் கிடைக்கும். வரியை இரண்டிரண்டு வருடமாகக் கட்டலாம். விகிதம் 10 லட்சம் வரை 8 சதவீதம், 20 லட்சம் வரை 10, அதற்கு மேல் 12. டீசலுக்கு 2 கூடுதல், மின்சாரத்துக்கு 2 குறைவு. ஐடி வேலையில் இருக்கும் பலருக்கு இந்தத் தகுதி இருக்கும், ஆனால் டீலர் தானாகச் சொல்வது அரிது. ஆபீஸ் சான்றிதழை படிவம் 60-ல் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு போங்க. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் தேதியைத் தவறவிட்டால் அபராதம் நாள் கணக்கில் ஏறும்.

கடைசியாக டெஸ்ட் டிரைவ். தனியாகப் போகாதீங்க. ஷோரூமைச் சுற்றி நல்ல ரோட்டில் ஐந்து நிமிடம் ஓட்டி எதுவும் தெரியாது. அப்பாவையும் அம்மாவையும் பின்னால் ஏற்றி, குழந்தை சீட்டைக் கையோடு கொண்டுபோய்ப் பொருத்தி, மாலை ஆறு மணி நெரிசலில் ஒரு முறை, வேகத்தடையும் பள்ளமும் உள்ள உங்கள் தெருவில் ஒரு முறை ஓட்டிக் கேளுங்க. முடிந்தால் ஒரு முறை நீங்கள் பின்சீட்டில் உட்கார்ந்து, வீட்டில் இன்னொருவரை ஓட்டச் சொல்லுங்க. வாங்கப்போகும் வேரியன்டையே கேட்டு வாங்கி ஓட்டணும். டர்போ மேனுவலை ஓட்டிப் பார்த்துவிட்டு ஏஎம்டியை புக் பண்ணினால், ஓட்டிப் பார்த்தது வேறு கார்.